வாசலில் நின்ற இகரம்: பிரெஞ்சு மொழியின் அசையும் தோட்டத்துத் தமிழின் ஒலிப்பும்



கேமரன் மலைத் தோட்டங்களில் வளர்ந்த எவரும் கேட்டிருக்கக்கூடிய ஓர் உரையாடலிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறேன். “இஸ்கூலு விட்டாச்சாய்யா?” என்று பாட்டி கேட்பார். “இஸ்கூலு இல்ல பாட்டி, ஸ்கூல்” என்று பேரன் திருத்துவான். பாட்டி சிரித்துக்கொண்டே, “எனக்கு என்னய்யா தெரியும், நான் கொழுந்து கிள்ளுனவ” என்பார். உரையாடல் அத்துடன் முடிந்துவிடும். பேரன் வென்றதாகவும் பாட்டி தோற்றதாகவும் இருவருமே எண்ணிக்கொள்வர்.

பாட்டி சொன்ன சொல்லின் முன்னே நின்ற அந்த இகரம் எங்கிருந்து வந்தது? படிப்பின்மையால் வந்தது என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. அவ்விடை தவறு என்பதை இன்று மெய்ப்பிக்க விரும்புகிறேன். அதற்கு நான் அழைக்கும் சான்று சற்றுத் தொலைவிலிருந்து வருகிறது. உலகின் மிக நயமான மொழிகளுள் ஒன்றெனப் போற்றப்படும் பிரெஞ்சு மொழியின் வரலாறே அச்சான்று.

பள்ளி என்னும் சொல்லின் மூன்று வாசல்கள்

பள்ளிக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய சொல் ‘ஸ்கோலா’ என்பது. கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்த சொல் அது. இலத்தீன் பேசிய மக்கள் நாளடைவில் சொல்லின் முதலில் ‘ஸ்க்’ என்று இரண்டு மெய்களை அடுத்தடுத்து ஒலிக்க இடர்ப்பட்டனர். எனவே முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டனர். பிற்கால இலத்தீன் கல்வெட்டுகளில் இத்தகைய சொற்களின் முன்னே இகரம் பொறிக்கப்பட்ட வடிவங்கள் கிடைக்கின்றன. உரோமானிய நாட்டுக் கல்தச்சன் வெட்டிய இகரமும் நம் தோட்டத்துப் பாட்டி ஒலித்த இகரமும் ஒன்றே.

அந்த இகரம் பின்னர் எகரமாயிற்று. பழைய பிரெஞ்சில் அச்சொல் ‘எஸ்கோல்’ என வழங்கியது. அடுத்து, மெய்க்கு முன் நின்ற சகர ஒலி தேய்ந்து மறைந்தது. இன்றைய பிரெஞ்சில் பள்ளிக்கு ‘எகோல்’ என்று பெயர். இலத்தீனில் ‘ஸ்தாத்துஸ்’ என்றிருந்த சொல் பழைய பிரெஞ்சில் ‘எஸ்தாத்’ ஆகி இன்று ‘எதா’ என நிற்கிறது. முள்ளைக் குறித்த ‘ஸ்பீனா’ இன்று ‘எபீன்’ ஆகிவிட்டது. துணைக்கு வந்த உயிர் நிலைத்தது. எந்த மெய்க்குத் துணையாக வந்ததோ அந்த மெய் போய்விட்டது. பிரெஞ்சு அகாதமி 1740இல் வெளியிட்ட தன் அகராதியின் மூன்றாம் பதிப்பில்தான், ஒலிக்காமல் வெறுமனே எழுதப்பட்டு வந்த இந்தச் சகரங்களைப் பெருமளவில் நீக்கியது. நாவு விட்டுவிட்ட ஒலியை ஏடு விடுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

இதே சொல் போர்த்துக்கீசிய மொழியில் ‘எஸ்கோலா’. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தனர். அவர்களிடமிருந்து மலாய் மொழி பெற்ற சொல்லே ‘செக்கோலா’. மலாய் நாவு வேறு வழியைக் கையாண்டது. முன்னால் இருந்த உயிரை விட்டுவிட்டு, சகரத்துக்கும் ககரத்துக்கும் இடையே ஓர் உயிரை வைத்தது. அஞ்சல்தலையைக் குறிக்கும் ‘ஸ்டாம்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் மலாயில் இவ்வாறே ‘செத்தெம்’ ஆயிற்று.

ஆக, நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையிலும் நாம் காணும் ‘செக்கோலா’வும், பாரிசில் ஒரு குழந்தை சொல்லும் ‘எகோல்’ என்பதும், பாட்டியின் ‘இஸ்கூலு’வும் ஒரே இடர்ப்பாட்டுக்கு மூன்று மக்கள் கண்ட மூன்று தீர்வுகள். முதலிரண்டும் அகராதியில் ஏறின. மூன்றாவது மட்டும் ஏளனத்துக்கு ஆளாயிற்று.

அசை என்பது யாது?

இம்மாற்றங்களை எல்லாம் ஆள்வது அசை. தமிழ் யாப்பிலக்கணம் அசையை நேர் என்றும் நிரை என்றும் பகுக்கும். ‘கல்’ என்பது நேரசை. ‘மலை’ என்பது நிரையசை. ஒலியியல் கூறும் அசை இதனின்றும் சற்று வேறுபட்டது. ஓர் உயிரும் அதனைச் சார்ந்து ஒலிக்கும் மெய்களும் சேர்ந்தது ஓர் அசை. அக்கணக்கில் ‘மலை’ ஈரசைச் சொல்லாகும். நம் மாணவர்கள் மலாய்ப் பாடத்தில் ‘சூக்கு காத்தா’ என்று பயில்வதும் இதுவே. இவ்வுரையில் அசை என்று நான் குறிப்பிடுவதும் இப்பொருளில்தான்.

ஒவ்வொரு மொழியும் தன் அசைக்கு ஓர் அளவை வைத்திருக்கிறது. பிரெஞ்சு மொழி, உயிரில் முடியும் அசையை விரும்புவது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அம்மெய் பின்னுள்ள உயிரோடு சேரும். கணவனைக் குறிக்கும் ‘மாரி’ என்னும் சொல் மா–ரி என்று பிரியும். இரண்டு மெய்கள் வந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும். புறப்படுதலைக் குறிக்கும் ‘பார்திர்’, பார்–திர் என்றாகும். ஆனால் இரண்டாவது மெய் லகரமாகவோ ரகரமாகவோ இருந்தால் இரண்டும் பிரியாமல் பின்னசைக்கே போகும். ஓவியத்தைக் குறிக்கும் ‘தாப்லோ’, தா–ப்லோ என்றே பிரியும்.

இந்தக் கடைசி வகையைத் தமிழ் ஏற்பதில்லை. ஓர் அசையின் முதலில் இரண்டு மெய்கள் நிற்கத் தமிழில் இடமில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வடசொற்கள் தமிழுக்கு வரும்போது இத்தகைய கூட்டங்கள் எவ்வாறு பிரியும் என்பதை விதியாகவே வகுத்தார். பின்னின்ற மெய் ய, ர, ல ஆயின் இடையே இகரம் தோன்றும். வாக்கியம், வக்கிரம், சுக்கிலம் ஆகியன அவ்வாறு அமைந்தவை. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலாக வருமாயின் அவற்றின் முன் ஒரு குற்றுயிர் வந்து நிற்கும். இராமன், உரோமம், இலாபம், உலோகம் என்பன அதற்குச் சான்றுகள்.

‘பிரெஞ்சு’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது ஓரசைச் சொல். தமிழில் பி–ரெஞ்–சு என மூவசையாகிறது. முதல் மெய்யையும் ரகரத்தையும் இகரம் பிரித்தது. ஈற்றில் குற்றியலுகரம் வந்தது. இவ்வளவு மாறியும் இதை எவரும் கொச்சை என்பதில்லை. இதே விதிகளின்படி மாறிய ‘கிளார்க்கு’, ‘பேங்கு’ ஆகியவற்றைக் கொச்சை என்கிறோம். விதி ஒன்றாக இருக்க, தீர்ப்பு மட்டும் இரண்டாக இருக்கிறது.

ஒரு பழைய ஆசிரியரின் திருத்தப் பட்டியல்

இலத்தீன் எவ்வாறு பிரெஞ்சாயிற்று என்பதை ஆராய்வோர் தவறாமல் எடுத்துக் காட்டும் ஏடு ஒன்று உண்டு. ‘புரோபசின் பின்னிணைப்பு’ என்று அறிஞர் அதனை அழைப்பர். இத்தாலியின் பொப்பியோ மடாலயத்தைச் சேர்ந்த சுவடி ஒன்றில் அது எஞ்சியிருந்தது. யாரோ ஓர் இலத்தீன் ஆசிரியர், மாணவர்கள் செய்யும் பிழைகளைத் தொகுத்து, இப்படிச் சொல்க, இப்படிச் சொல்லற்க என்று இரண்டிரண்டாக எழுதி வைத்த பட்டியல் அது. இருநூறுக்கும் மேற்பட்ட இணைகள் அதில் உள்ளன.

மேசைப்பலகைக்கு ‘தாபுலா’ என்க, ‘தாப்லா’ என்னற்க என்பது அவர் கருத்து. கண்ணுக்கு ‘ஒகுலுஸ்’ சரி, ‘ஒக்லுஸ்’ பிழை. வெம்மையானதற்கு ‘கலிதா’ சரி, ‘கல்தா’ பிழை. பசுமைக்கு ‘விரிதிஸ்’ சரி, ‘விர்திஸ்’ பிழை. பிழைகள் அனைத்திலும் ஒரே செயல் நடந்திருப்பதைக் காணலாம். சொல்லில் எடுத்து ஒலிக்கும் அசைக்கு அடுத்து வரும் மெலிந்த அசையின் உயிர் விழுந்துவிடுகிறது. மூவசைச் சொல் ஈரசையாகச் சுருங்குகிறது.

பிறகு நடந்ததுதான் நாம் கருதத்தக்கது. அவர் பிழை என்று விலக்கிய ‘தாப்லா’விலிருந்தே இன்றைய பிரெஞ்சின் ‘தாப்ல்’ வந்தது. ‘ஒக்லுஸ்’ என்பதிலிருந்து கண்ணைக் குறிக்கும் இன்றைய சொல் வந்தது. ‘கல்தா’ என்பது ‘ஷோத்’ ஆயிற்று. ‘விர்திஸ்’ என்பது ‘வேர்’ ஆயிற்று. அவர் சரியென்று போற்றிய வடிவங்கள் ஏட்டு மொழியில் தங்கின. பிழையென்று தள்ளிய வடிவங்கள் ஒரு புதிய மொழிக்கு வித்தாயின.

இவ்வாறு மாறிய பேச்சுக்கு மதிப்புக் கிடைத்தது மெல்ல மெல்லத்தான். 813இல் தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், மக்களுக்குப் புரியும் நாட்டுப்புற உரோமானிய மொழியில் அருளுரை ஆற்றுமாறு குருமாரைப் பணித்தது. 842இல் ஸ்திராஸ்பூர்கில் இரண்டு அரசர்கள் செய்த உறுதிமொழி, பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுகிறது. 1635இல் பிரெஞ்சு அகாதமி நிறுவப்பட்டது. ஒருகாலத்தில் கல்லாதார் பேச்சாக இருந்தது, நாளடைவில் ஓர் அரசின் மொழியாகவும் அகாதமி காக்கும் மொழியாகவும் உயர்ந்தது.

இத்தகைய சுருக்கம் நம் மொழிக்கும் புதிதன்று. பெயர் பேர் ஆயிற்று. பொழுது போது ஆயிற்று. பகுதி பாதி ஆயிற்று. மிகுதி மீதி ஆயிற்று. சோழநாடு சோணாடு ஆனதை மரூஉ என்று நம் இலக்கணம் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. நம் இலக்கண ஆசிரியர்கள் நாவின் போக்கை உற்று நோக்கினர். அதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை.

எஸ்டேட்டு: மூன்று மொழிகளின் கைத்தடம்

இனி நம் மலைக்குத் திரும்புவோம். வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் 1885இல் இம்மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரையே இது தாங்கியிருக்கிறது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துத் தேயிலையை நட்டதிலும் கொழுந்து பறித்ததிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் உழைப்பு பெரிது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் உதவிபெற்றுச் செல்வதைத் தடைசெய்தது. அதன்பின் இங்கிருந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் கொண்டு வளர்த்ததே தோட்டத்துத் தமிழ்.

அவர்கள் வாழ்ந்த இடத்துக்கு அவர்கள் வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘எஸ்டேட்டு’. இச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் இருப்பது இலத்தீனின் ‘ஸ்தாத்துஸ்’. அதன் முன்னே நிற்கும் எகரம் பழைய பிரெஞ்சு நாவு சேர்த்தது. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் பெருகிப் புகுந்தன. சகரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த நிலையில் ‘எஸ்தாத்’ ஆங்கிலத்தை அடைந்தது. அதனால்தான் ஆங்கிலம் எகரத்தையும் சகரத்தையும் ஒருங்கே காத்து நிற்கிறது. அச்சொல் ஆங்கிலத் துரைமாருடன் கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. வல்லின மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் ஏற்காது. ஆகவே தோட்டத்து மக்கள் டகரத்தை இரட்டித்து ஈற்றில் குற்றியலுகரத்தை வைத்தனர். முன்னுயிர் பிரெஞ்சுக்காரர் இட்டது. பின்னுயிர் தமிழர் இட்டது. முன்னதைச் சரியென்றும் பின்னதைப் பிழையென்றும் சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் ‘பெரட்டு’ம் இத்தகைய பயணியே. ‘பாராத்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் ‘பரேட்’ ஆகி, தோட்டத்தில் ‘பெரட்டு’ ஆயிற்று. அவ்வாறு கூடிய இடம் பெரட்டுக்களம் என்று தமிழ்ச் சொல்லோடு புணர்ந்து புதுச்சொல்லும் ஆயிற்று. அயற்சொல்லை வாங்கியதோடு நில்லாமல், வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகவும் செய்து அதைத் தமிழ்ச் சொல்லாகவே ஆண்டனர்.

மலாய் மொழியோடு நடந்த கொடுக்கல் வாங்கலில் இவ்வொழுங்கு இன்னும் தெளிவாகப் புலப்படும். இரப்பர் மரத்தின் பாலைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘கெத்தா’. அதிலிருந்து நம்மவர் ‘கித்தா’ என்ற சொல்லை ஆக்கிக் கித்தாமரம் என்றனர். மலாயில் தகரம் ஒற்றையாகவே உள்ளது. தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் மெலிந்து ஒலிக்கும். வலித்த ஒலியைக் காக்க வேண்டுமாயின் அதை இரட்டிக்க வேண்டும். ஆகவே இரட்டித்தனர். மறுபுறம், நம் ‘கப்பல்’ மலாய்க்குப் போனபோது பகரம் ஒன்று குறைந்து ‘காபால்’ ஆயிற்று. ‘கட்டில்’ என்பதும் டகர இரட்டிப்பை இழந்தது. மலாயில் மெய் இரட்டிப்பதில்லை. அங்கே ஒற்றை மெய்யே வலித்து ஒலிக்கும். தமிழர் கூட்டியதும் மலாய்க்காரர் குறைத்ததும், கேட்ட ஒலியைக் கெடாமல் காக்கும் பொருட்டே.

லெம்பா பெர்த்தாம்: ஓர் ஊர்ப்பெயரின் இலக்கணம்

நம் ஊர்ப்பெயரையும் இம்முறையில் ஆராயலாம். ‘லெம்பா’ என்பது பள்ளத்தாக்கு. ‘பெர்த்தாம்’ என்பது மலாயில் ஒரு பனைவகையின் பெயர். அதன் ஓலை கூரை வேயப் பயன்படும். இப்பெயரை நாம் தமிழில் எழுதும்போது பல விதிகள் ஒருங்கே செயற்படுகின்றன.

மலாய்ச் சொற்களின் ஈற்றில் மெல்லென ஒலிக்கும் ஹகரத்தை ‘லெம்பா’வில் நாம் விட்டுவிட்டோம். மகரத்தை அடுத்த பகரம் தானாகவே மெலிந்து ஒலிப்பதால் ‘ம்பா’ என்பது மலாய் ஒலியை அப்படியே தருகிறது. ஆனால் ‘பெர்த்தாம்’ என்பதன் முதலிலுள்ள பகரம் மெலிந்து ஒலிக்கவேண்டும் என்பதை எழுத்துக் காட்டவில்லை. ஊரறிந்தவர் மட்டுமே அதைச் சரியாகப் படிப்பர். இரு சொற்களின் முதலசையிலும் மலாயில் இருப்பது ‘பெப்பெட்’ எனப்படும் மங்கிய எகரம். தமிழில் அவ்வொலி இல்லாமையால் எகரம் எழுதுகிறோம். ‘கித்தா’வில் அதே ஒலி இகரமாயிற்று. மலாயில் பொதுவாக ஈற்றயல் அசை எடுத்து ஒலிக்கும் என்றும், அங்கே பெப்பெட் இருப்பின் எடுப்பு ஈற்றசைக்கு நகரும் என்றும் கூறுவர். தமிழ்ச் செவி அந்த எடுப்பை நெடிலாகக் கேட்டது. லெம்பா, பெர்த்தாம், கித்தா மூன்றும் ஈற்றசையில் நெடில் பெற்றமை இதனோடு பொருந்துகிறது. பிரெஞ்சிலும் சொல்லின் எடுப்பு ஈற்றசையிலேயே விழும் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

தொல்காப்பிய நெறியில் நின்று பார்த்தால் இப்பெயரில் இரண்டு மீறல்கள் உண்டு. லகரம் மொழிக்கு முதலாகாது. தனிக்குறிலை அடுத்து ரகர மெய் நில்லாது. தர்மம் தருமமாகவும் வர்ணம் வருணமாகவும் ஆனது அதனாலேயே. அந்நெறியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் ‘இலெம்பா பெருத்தாம்’ என்று எழுத நேரும். இலக்கணம் நிறைவுறும், ஊர் தொலைந்துபோகும். ‘பெருத்தாம்’ என்றால் பருத்துவிட்டோம் என்றே படிப்பவர் பொருள்கொள்வர்.

எனவே ஊர்ப்பெயரில் உள்ளூரார் செவிக்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் கருத்து. ‘பெர்த்தாம்’ என்றே எழுதுவோம். அதே வேளையில் எந்த விதியைத் தளர்த்தி அவ்வாறு எழுதுகிறோம் என்பதை மாணவர் அறிந்திருக்கவேண்டும். அறிந்து தளர்த்துவது வேறு. விதி ஒன்று இருப்பதே தெரியாமல் எழுதுவது வேறு.

சொற்கள் கைகோக்கும் இடம்

சொல்லுக்குள் மட்டுமன்றி, சொல்லும் சொல்லும் சேரும் இடத்திலும் அசையே ஆள்கிறது. பிரெஞ்சைக் கற்கத் தொடங்குவோரை மிகவும் மருட்டுவது இப்பகுதி. தமிழ் மாணவருக்கோ இது பழகிய வீடு.

பிரெஞ்சில் சொல்லீற்று மெய்கள் பல தனித்து நிற்கையில் ஒலிப்பதில்லை. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அவை உயிர்பெற்று அவ்வுயிரோடு சேரும். நண்பர்கள் என்பதற்கு ‘லே’ என்ற சுட்டும் ‘அமி’ என்ற பெயரும் சேர்ந்து ‘லேஸமி’ என்று ஒலிக்கும். அசை பிரிப்பு லே–ஸ–மி என்று அமையும். சொல்லின் எல்லையும் அசையின் எல்லையும் அங்கே ஒத்துப்போவதில்லை. நம் மொழியில் ‘நூல்’ என்பதும் ‘அகம்’ என்பதும் சேர்ந்து நூ–ல–கம் என்று பிரிவதை எண்ணிப் பாருங்கள். மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுவதை நம் மாணவர் புணர்ச்சிப் பாடத்தில் படித்தே இருக்கின்றனர்.

நம் குற்றியலுகரத்துக்கும் பிரெஞ்சில் ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. சொல்லீற்றில் எழுதப்படும் மெலிந்த எகரம் அது. குற்றியலுகரம் தன் மாத்திரையில் குறுகி ஒலிப்பது போலவே அதுவும் குறுகி ஒலித்தது. இன்று பேச்சில் பெரும்பாலும் மறைந்தே போயிற்று. ‘நாடு’ என்பதன் முன் உயிர் வந்தால் உகரம் கெடுவது போல, அந்த எகரமும் உயிரின் முன் கெடும். பிரெஞ்சு மரபுக் கவிதையில் மெய்யின் முன் வரும் அந்த எகரத்தை அசையாக எண்ணுவர். உயிரின் முன் வந்தால் எண்ணுவதில்லை. குற்றியலுகரமும் குற்றியலிகரமும் சில இடங்களில் அலகு பெறா என்று நம் யாப்பு நூலார் கூறுவதை ஆசிரியர்கள் இங்கே நினைவுகூர்வர்.

இரண்டு உயிர்கள் எதிர்ப்பட்டால் இரு மொழிகளும் நடுவில் ஒரு மெய்யை வரவழைக்கும். ‘அவனுக்கு இருக்கிறதா’ என்ற வகையில் வினையும் எழுவாயும் முறைமாறி நிற்கும் வினாக்களில் பிரெஞ்சு ஒரு தகரத்தை நுழைத்து ‘ஆ–தில்’ என்னும். அத்தகரம் வினைக்கும் உரியதன்று, பெயருக்கும் உரியதன்று. நாம் அதை உடம்படுமெய் என்போம். நம் மலையின் வாழ்வாதாரமான சொல்லிலேயே அது இருக்கிறது. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரை வழக்கிலிருந்து புறப்பட்ட ‘தே’ என்னும் சொல், டச்சு வணிகர் வழியாக ஐரோப்பாவை அடைந்து பிரெஞ்சிலும் ‘தே’ என்றே நிற்கிறது. மலாயிலும் அதே ஒலி. தமிழர் அதனுடன் ‘இலை’யைச் சேர்த்தபோது இரண்டு உயிர்களுக்கு நடுவே யகரம் வந்து தே–யி–லை ஆயிற்று. உலகெங்கும் ஓரசையாகத் திரிந்த சொல்லைத் தமிழ் தன் இலக்கணத்தால் தழுவிக்கொண்டது.

சில வேளைகளில் இக்கைகோப்பு இறுகிப் பிரிக்க முடியாமலும் போகும். ஒரு படர்கொடிக்குப் பழைய பிரெஞ்சில் ‘இயேர்’ என்று பெயர். அதன் முன் வரும் சுட்டின் லகரம் ஒட்டி ஒட்டி ஒலித்ததால், லகரமும் பெயரின் பகுதியே என்று மக்கள் கொண்டனர். இன்று அது ‘லியேர்’. அதன் முன் மீண்டும் ஒரு சுட்டு வருகிறது. எங்கே பிரிப்பது என்று நாவு மயங்கியதில் ஒரு புதுச்சொல் பிறந்தது.

புதுச்சேரி தரும் பாடம்

இவ்விரு மொழிகளும் நேருக்கு நேர் சந்தித்த ஊர் புதுச்சேரி. பாரிசு வெளிநாட்டு வேதபோதக சபையின் குருமாரான முசே, துய்புய் இருவரும் 1846இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதியையும், 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாகத் தமிழ்–பிரெஞ்சு அகராதியையும் அங்கே வெளியிட்டனர். ஏட்டில் இவ்வாறு மொழிகள் சந்திக்க, தெருவில் வேறொரு சந்திப்பு நிகழ்ந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழரைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என்றனர். பிரெஞ்சில் அச்சொல்லின் ஈற்றில் ஒரு தகரம் எழுதப்படும், ஆனால் ஒலிக்காது. புதுச்சேரித் தமிழில் அத்தகரம் இல்லை. ஏட்டைப் பார்த்து வாங்கியிருந்தால் தகரமும் குற்றியலுகரமும் வந்திருக்கும். மக்கள் செவியால் வாங்கினர். செவி பொய் சொல்லவில்லை.

இதன் மறுபக்கத்தை இரெயூனியன் தீவில் காணலாம். அங்கே சென்ற தமிழ்த் தொழிலாளரின் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு பதிவேட்டில் எழுதினர். வீரப்பிள்ளை ‘வீராபுல்லே’ ஆனார். ஈற்றசை எடுப்போடு ஒலித்தது. பேசும் தமிழ் மறைந்த பின்னும் அத்தகைய குடும்பப்பெயர்கள் இன்றுவரை நிலைத்துள்ளன. யாரோ ஓர் எழுத்தரின் அசைப்பிரிப்பே ஒரு குடும்பத்துக்குத் தமிழோடு எஞ்சிய இழையாயிற்று.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்

எதையும் எப்படியும் எழுதலாம் என்று நான் கூறவரவில்லை. தேர்வுத்தாளில் ‘இஸ்கூலு’ என்று எழுதும் மாணவனைத் திருத்தத்தான் வேண்டும். ‘பள்ளி’ என்னும் நற்றமிழ்ச் சொல்லை அவன் கையில் கொடுக்கத்தான் வேண்டும். எழுத்துக்குரிய வடிவம் ஒன்று, பேச்சுக்குரிய வடிவம் ஒன்று என்று தெளிவாகக் கற்பிப்பது ஆசிரியர் கடன். திருத்தும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். உன் பாட்டியின் நாவு நன்னூலார் வகுத்த போக்கிலேயே சென்றது. பிரெஞ்சுக்காரரின் முன்னோரும் அவ்வழியே சென்றனர் என்று ஒரு வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும். அம்மாணவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியைத் திருத்தமாட்டான். இன்னும் நாலு சொல் கேட்பான்.

கேட்பதற்குக் காலம் குறைந்துகொண்டே வருகிறது. தோட்டங்களை விட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். பெரட்டு, கித்தா, ஆயாக் கொட்டகை, லயம் என்னும் சொற்களைத் தம் வாழ்வோடு சேர்த்து ஒலித்தவர்கள் முதியோராகிவிட்டனர். அவர்களோடு அச்சொற்களின் ஒலியும் போய்விடும்.

பெயர் தெரியாத அந்த இலத்தீன் ஆசிரியர் மாணவரின் பிழைகளை ஒழிக்கவே பட்டியல் எழுதினார். பிழைகள் ஒழியவில்லை. ஆனால் அவர் எழுதி வைத்ததால்தான் அக்கால மக்கள் எப்படிப் பேசினர் என்பது நமக்குத் தெரிகிறது. நம் பள்ளிகளிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். வீட்டு முதியோர் சொல்லும் தோட்டத்துச் சொற்களைக் கேட்டவாறே எழுதட்டும். அருகில் அசை பிரிக்கட்டும். எம்மொழியிலிருந்து வந்தது, எந்த எழுத்துக் கூடியது, எது குறைந்தது என்று குறிக்கட்டும். ஒரு பக்கத்துக்குப் பத்துச் சொல் போதும். முதற்பக்கத்தின் முதற்சொல்லாக ‘இஸ்கூலு’ இருக்கட்டும். இகரத்தை அடித்துவிட வேண்டாம்.